தில்லியில் ஒரு சீட்லிங்க் சர்வர்: நில அதிர்வு டேட்டாவைச் சந்தாதாரர்களுக்கு அனுப்ப முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரி 17 அதிகாலை 5:36க்குத் தில்லி ஆடியது. அளவு 4.0தான். ஆனால் மையம் தௌலா குவான் பக்கம், ஆழம் வெறும் 5 கிலோமீட்டர். அதனால் ஆட்டத்தோடு ஒரு பெரிய சத்தமும் கேட்டது. ஆர்.கே.புரத்திலிருந்து மயூர் விகார் வரை நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் "உங்க வீட்லயும் ஆடுச்சா?" என்று ஓடியது. அதே ஆண்டு ஜூலை 10 காலை 9:04க்கு ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் 4.4 அளவில் இன்னொன்று. சென்னையிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்கு இது புதுசு. இந்தியத் தரநிலையின் 2016ஆம் ஆண்டு நில அதிர்வு அபாயப் பகுப்பில் சென்னை மூன்றாம் மண்டலம், தில்லி அதைவிட அபாயம் கூடிய நான்காம் மண்டலம்.

இதற்கெல்லாம் பிறகு ராஸ்பெரி ஷேக் மாதிரி சின்ன நில அதிர்வுமானியை வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கருவியை வாங்கி வைப்பது எளிது. நாலைந்து வீடுகளில் இருக்கும் கருவிகளின் டேட்டாவை ஒரே இடத்தில் சேர்த்து, கேட்பவர்களுக்கெல்லாம் நேரலையாகக் கொடுப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. லினக்ஸ் டெர்மினலில் பழக்கம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வரை ஓடவிடுவது பெரிய காரியமே இல்லை, ஒரு மாலைப்பொழுது போதும். இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடர்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரண்டும் நெட்டும் போவதற்கு நிலம் ஆடும் நேரத்தை விடப் பொருத்தமான நேரம் கிடையாது. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அமைப்பையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே பாருங்கள்.

இன்னொரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், ஒரு சொல்லுக்கு நடுவில் இடைவெளி விடாமல் அடித்துக்கொள்ளுங்கள்.

சீட்லிங்க் எப்படி வேலை செய்கிறது

சீட்லிங்க் என்பது நில அதிர்வு டேட்டாவை நேரலையாக அனுப்பும் நெறிமுறை. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரிலுள்ள ஜிஎஃப்இசட் ஆய்வு மையத்தில், சீஸ்காம்ப் மென்பொருளின் ஒரு பகுதியாகப் பிறந்தது. இன்று உலகம் முழுக்க நில அதிர்வு மையங்கள் இதைப் பேசுகின்றன. டிசிபி மேல் ஓடும், வழக்கமான போர்ட் 18000.

கருவி தரும் அலையை மினிசீட் என்ற வடிவில் 512 பைட் துண்டுகளாகக் கட்டுகிறார்கள். சீட்லிங்க் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட் தலைப்பு ஒட்டுகிறது: 'எஸ்எல்' என்ற இரண்டு எழுத்து, பிறகு பதினாறடிமான எண் முறையில் ஆறு இலக்க வரிசை எண். ஆக ஒரு பாக்கெட் 520 பைட். இந்த வரிசை எண்தான் பேங்க் டோக்கன் மாதிரி. எங்கே நின்றோம் என்று சந்தாதாரர் இதை வைத்துத்தான் சொல்கிறார், சர்வர் அதற்கு அடுத்ததிலிருந்து கொடுக்கிறது.

சர்வர் தன்னிடம் வந்த பாக்கெட்டுகளை ஒரு வட்டத் தாங்கியில், அதாவது ரிங் பஃபரில், வைத்திருக்கும். இடம் நிரம்பியதும் பழையது அழிந்து புதியது உட்காரும். சந்தாதாரர் இரண்டு மணி நேரம் காணாமல் போய்த் திரும்பினாலும், அவர் விட்ட எண் ரிங்கில் இன்னும் இருந்தால் எதுவும் தொலையாது. இல்லாவிட்டால் இடைவெளிதான்.

உரையாடல் எவ்வளவு எளிது என்று பார்க்க, டெல்நெட்டில் 18000ஐத் திறந்து கையாலேயே பேசலாம். 'ஹலோ' என்று அடித்தால் சர்வர் இரண்டு வரி சொல்லும்: மென்பொருளின் பெயரும் பதிப்பும் ஒரு வரி, சர்வரை நடத்தும் இடத்தின் பெயர் ஒரு வரி. பிறகு 'ஸ்டேஷன் ஆர்1234 ஏஎம்' என்று கேட்டால் 'ஓகே'. 'செலக்ட் 00இஎச்இசட்.டி' என்றால் 'ஓகே' (இஎச்இசட் என்பது சேனல், அதாவது கருவி ஒரு திசையில் அளக்கும் அலை). 'டேட்டா' என்றால் 'ஓகே'. கடைசியாக 'எண்ட்' என்றதும் பைனரி வெள்ளமாகக் கொட்டும், திரை முழுக்கக் குப்பை எழுத்து. பயப்பட வேண்டாம், அதுதான் டேட்டா. இங்கே ஒன்று கவனியுங்கள்: நெறிமுறையில் முதலில் நிலையத்தின் (கருவி இருக்கும் இடத்தின்) பெயர், அப்புறம் வலையமைப்பின் குறி. கருவிகளிலும் ஃபைல் பெயர்களிலும் இது தலைகீழாக, வலையமைப்பு முதலில் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு டேட்டா வரவில்லை என்று தேடுவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

ராஸ்பெரி ஷேக் கருவிகளின் வலையமைப்புக் குறி ஏஎம். நிலையக் குறி ஆர் என்று தொடங்கி நான்கு எழுத்து எண்களோடு வரும். மேலே உள்ள ஆர்1234 சும்மா ஒரு உதாரணம், உங்கள் கருவியின் குறியைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களே ஜியோஃபோனும் (அதிர்வு உணரி) டிஜிடைசரும் (அதை எண்ணாக்கும் பெட்டி) வைத்துக் கட்டிய கருவி என்றால், சோதனைக்காக ஒதுக்கப்பட்ட எக்ஸ்எக்ஸ் குறியைப் பயன்படுத்துங்கள். ஏதோ இரண்டு எழுத்தை நாமாகப் போட்டால் அது வேறொரு நாட்டு வலையமைப்பின் குறியாக இருக்கலாம்.

சர்வரை எங்கே வைப்பது

என் பரிந்துரை: தில்லிக்குள் வைக்காதீர்கள். மும்பையில் ஒரு சின்ன கிளவுட் மெஷின் போதும். இரண்டு காரணம். ஒன்று, நிலையான ஐபி முகவரி கிடைக்கிறது. வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி, வெளியிலிருந்து உள்ளே வர வழியே இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: ஆடும் ஊரிலேயே சர்வரை வைத்தால், நமக்கு அது மிகவும் தேவைப்படும் நிமிடத்தில் அதுவும் இருட்டில் உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும்? கணக்குப் போடுவோம். ஒரு சேனல், விநாடிக்கு 100 மாதிரி (சாம்பிள்). நகரத்துச் சாதாரண இரைச்சலில் ஒரு 512 பைட் துண்டில் ஏறத்தாழ 400 மாதிரி அடங்கும் என்று வைத்தால், 4 விநாடிக்கு ஒரு துண்டு. நாளைக்கு 21,600 துண்டு, சுமார் 11 எம்பி. பத்துக் கருவி என்றால் 110 எம்பி. ரிங் ஒவ்வொரு பாக்கெட்டோடும் தன் சொந்தத் தலைப்பையும் சேர்த்து வைப்பதால் நாளைக்கு 135 எம்பி என்று எடுத்துக்கொள்ளலாம். 1 ஜிபி ரிங் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போன சந்தாதாரர் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தாலும் விட்டதெல்லாம் கிடைக்கும். 1 ஜிபி நினைவகம், 20 ஜிபி டிஸ்க் உள்ள மெஷினே இதற்குத் தாராளம்.

முதலில் கடிகாரம்

வேறு எதையும் நிறுவும் முன் சர்வரிலும் கருவிகளிலும் நேரத்தைச் சரிபாருங்கள். சர்வரில் க்ரோனி போட்டு, நேர மண்டலத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்றே வைத்துவிடுங்கள். கருவியில் ஜிபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் என்டிபியே போதும், ஆனால் அது ஒத்திசைந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். நிலத்தின் மேலடுக்கில் பி அலை (அதிர்விலிருந்து முதலில் வந்து சேரும் அலை) விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு கருவியின் கடிகாரம் 0.1 விநாடி பிசகினால் தூரக் கணக்கில் 600 மீட்டர் பிசகும்.

யுடிசி நம்மவர்களைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. டேட்டா ஃபைல்கள் யுடிசி நாள் கணக்கில் பிரிகின்றன. அதாவது நமக்குக் காலை 5:30க்குத்தான் நாள் மாறுகிறது. அந்த பிப்ரவரி 17 அதிர்வு யுடிசி கணக்கில் நள்ளிரவு தாண்டி ஆறாவது நிமிடம், 00:06. புதிய நாளின் ஃபைல் அப்போதுதான் திறந்திருக்கும். அதே அதிர்வு பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் 16ஆம் தேதி ஃபைலில் கிடந்திருக்கும். தவிர, ஃபைல் பெயரில் மாதமும் தேதியும் இருக்காது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது மட்டும்தான். பிப்ரவரி 17 என்றால் 048.

நிறுவுதல்

இரண்டு பாதை உண்டு. சீஸ்காம்பை முழுதாக நிறுவி அதிலுள்ள சீட்லிங்க் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம். அதிர்வின் இடத்தையும் அளவையும் நாமே கணக்கிடும் திட்டம் இருந்தால் அது சரி. டேட்டாவைச் சேர்த்து வினியோகிப்பது மட்டும்தான் வேலை என்றால் அவ்வளவு சுமை தேவையில்லை. அதற்கு ரிங்சர்வர் என்ற சிறிய மென்பொருள் போதும். அமெரிக்காவின் ஐரிஸ் அமைப்பில், இன்றைய எர்த்ஸ்கோப்பில், உருவானது. மூலநிரல் கிட்ஹப்பில் இருக்கிறது. சி மொழியில் எழுதியது. தேவையான நூலகங்கள் கூடவே வருவதால் கம்பைலர் இருந்தால் 'மேக்' என்று ஒரு வார்த்தை அடித்தால் முடிந்தது. டாக்கர் வழியாகவும் ஓட்டலாம்.

ரூட்டாக ஓட்டாதீர்கள். ரிங்சர்வர் என்றே ஒரு பயனரை உருவாக்கி, அவருக்குச் சொந்தமாக ஒரு கோப்புறை கொடுங்கள். அப்புறம் கான்ஃபிக் ஃபைல். மூலநிரலோடு ஒரு மாதிரி ஃபைல் வரும், அதை நகலெடுத்துக்கொண்டு தேவையானதை மட்டும் மாற்றுவதே உத்தமம். பதிப்புக்குப் பதிப்பு சில பெயர்கள் மாறுவதால், உங்கள் பதிப்போடு வந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நமக்கு வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

ரிங்டைரக்டரி /வார்/லிப்/ரிங்சர்வர்/ரிங்
ரிங்சைஸ் 1ஜி
சீட்லிங்க்போர்ட் 18000
டேட்டாலிங்க்போர்ட் 16000
லிசன்போர்ட் 8080 எச்டிடிபி
சர்வர்ஐடி "தில்லி வீட்டு நிலையங்கள்"
மேக்ஸ்க்ளையன்ட்ஸ் 100
மேக்ஸ்க்ளையன்ட்ஸ்பெர்ஐபி 20
க்ளையன்ட்டைம்அவுட் 3600
ரைட்ஐபி 127.0.0.1
ரைட்ஐபி 10.8.0.0/24
ட்ரஸ்டெட்ஐபி 10.8.0.2

இதில் சீட்லிங்க் போர்ட் சந்தாதாரர்களுக்கு, டேட்டாலிங்க் போர்ட் நாம் உள்ளே டேட்டா போடுவதற்கு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சீட்லிங்க் ஒருவழிப் பாதை, அதில் யாரும் எதையும் எழுத முடியாது. டேட்டாலிங்க் வழியாக எழுத முடியும். யார் எழுதலாம் என்பதைத்தான் ரைட்ஐபி வரிகள் சொல்கின்றன (10.8 என்று தொடங்கும் முகவரிகள் யாருக்கு என்பது கீழே வரும்).

ஒரு நுணுக்கம்: ரைட்ஐபி எதுவுமே கொடுக்காவிட்டால் அதே மெஷினிலிருந்து எழுதத் தானாகவே அனுமதி உண்டு. வேறொரு முகவரியை நீங்கள் எழுதிய கணமே அந்தத் தானியங்கி அனுமதி போய்விடும். அதனால்தான் 127.0.0.1 என்பதையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறேன்.

மேக்ஸ்க்ளையன்ட்ஸ்பெர்ஐபி என்ற எண்ணை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து 1 அல்லது 2 வைப்பவர்கள் உண்டு. நம் ஊரில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கின்றன என்று மேலே சொன்னேன் இல்லையா? துவாரகாவில் ஒரே இணைய நிறுவனத்தின் மூன்று வாடிக்கையாளர்கள் உங்கள் சர்வருக்கு ஒரே ஆள் மாதிரித் தெரியக்கூடும். மூன்றாமவருக்குக் கதவு திறக்காது, ஏன் என்றும் தெரியாது.

இந்த ஃபைலை மாற்றிச் சேமித்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல அமைப்புகளை அதுவாகவே மறுபடி படித்துக்கொள்ளும். எவை அப்படி மாறும் என்று மாதிரி ஃபைலில் குறித்திருக்கிறார்கள். ரிங்சைஸை மட்டும் ஆரம்பத்திலேயே யோசித்து வைத்துவிடுங்கள்.

கடைசியில் சிஸ்டம்டி சேவையாகப் பதிவுசெய்து, 'ரீஸ்டார்ட்' என்பதை 'ஆல்வேஸ்' என்று வையுங்கள்.

வீட்டிலிருந்து சர்வருக்கு

கருவியிடமும் சொந்தமாக ஒரு சீட்லிங்க் சர்வர் இருக்கிறது. ராஸ்பெரி ஷேக்கில் அதுவும் 18000 போர்ட்டில்தான். ஆக, வீட்டுக் கருவியிலிருந்து சீட்லிங்க் வழியாக எடுத்து, நம் சர்வருக்கு டேட்டாலிங்க் வழியாகக் கொடுக்கும் ஒரு தரகர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சிறு நிரலின் பெயர் ஸ்லிங்க்2டாலி.

இதை வீட்டிலேயே, கருவியோடு ஒரே நெட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பிலோ இன்னொரு ராஸ்பெரி பையிலோ ஓட்டுங்கள். கருவிக்குள்ளேயே நிறுவுவதை நான் விரும்புவதில்லை. அளவெடுக்கும் பெட்டி அளவெடுத்துக்கொண்டிருக்கட்டும். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் பொது ஐபி இல்லாத சிக்கலும் இங்கே இல்லை.

ஆனால் 16000 போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்துவைத்துவிட்டு ஐபி முகவரியை மட்டும் நம்புவது சரியல்ல. வீட்டு ஐபி நாளைக்கே மாறும். அதனால் வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் சுரங்கம் ஒன்று போடுங்கள். சர்வருக்கு 10.8.0.1, நிர்வகிக்கும் உங்கள் லேப்டாப்புக்கு 10.8.0.2, வீடுகளுக்கு 10.8.0.11, 10.8.0.12 என்று கொடுத்துக்கொண்டே போகலாம். வீட்டுப் பக்க அமைப்பில் 'பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் = 25' என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் இணைய நிறுவனத்தின் ரவுட்டர் அமைதியாக இருக்கும் இணைப்பை மறந்துவிடும்.

பிறகு கட்டளை இப்படி: ஸ்லிங்க்2டாலி, அடுத்து '-எக்ஸ்' என்று கொடுத்து நிலைக்கோப்பின் பெயர், '-எஸ்' (பெரிய எழுத்து) கொடுத்து ஏஎம்_ஆர்1234, பிறகு கருவியின் முகவரி:18000, கடைசியில் 10.8.0.1:16000.

இதில் விட்டுவிடக் கூடாதது அந்த '-எக்ஸ்'. அதுதான் கடைசியாக எடுத்த வரிசை எண்ணை டிஸ்கில் எழுதிவைக்கும் நிலைக்கோப்பு. அது இல்லாமலும் எல்லாம் அழகாக ஓடும், ஒருநாள் கரண்ட் போகும் வரை. லேப்டாப் திரும்ப எழுந்ததும், எங்கே விட்டோம் என்று தெரியாமல் இப்போதைய டேட்டாவிலிருந்து தொடங்கும். நடுவில் போனது போனதுதான். நிலைக்கோப்பு இருந்தால் கருவியிடம் அந்த எண்ணைச் சொல்லி மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டளையையும் சிஸ்டம்டி சேவையாக்கி, விழுந்தால் 10 விநாடியில் திரும்ப எழும்படி வையுங்கள்.

இணைப்பு ஒரு மணி நேரம் போய்த் திரும்பினால் தேங்கியது எவ்வளவு இருக்கும்? 4 விநாடிக்கு ஒரு பாக்கெட் என்றால் 900 பாக்கெட், அரை எம்பி கூட இல்லை. வீட்டு பிராட்பேண்டில் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். தேங்கியது முழுக்கப் போன பிறகுதான் இந்த நிமிடத்து அலை வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், வரிசை மாறாது.

கதவுகள்

சர்வரில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்திருந்தால் வேலை சுலபம். 18000 டிசிபி எல்லோருக்கும், 51820 யுடிபி வயர்கார்டுக்கு, 16000ம் 8080ம் 10.8.0.0/24 வட்டத்துக்கு மட்டும். எஸ்எஸ்எச் உங்கள் விருப்பப்படி. அவ்வளவுதான்.

யார் எதைப் பார்க்கலாம் என்பது ஃபயர்வாலை விடப் பெரிய கேள்வி, இதைப் பலரும் யோசிப்பதில்லை. வீட்டில் வைத்த ஜியோஃபோன் காலடியையும் பிடிக்கும். காலையில் எத்தனை மணிக்கு அந்த வீட்டில் எழுந்திருக்கிறார்கள், வாஷிங் மெஷின் எப்போது ஓடுகிறது, தீபாவளிக்கு ஒரு வாரம் வீடு பூட்டியிருந்ததா என்பதெல்லாம் அலையைப் பார்த்தாலே தெரியும். கருவி வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத்தான் பொதுவில் கொடுக்க வேண்டும். "சார், பூகம்பத்துக்குத்தானே வெச்சிருக்கோம், இதெல்லாமா தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியும். சீட்லிங்க் பாக்கெட்டில் வீட்டின் அட்ச தீர்க்க ரேகை கிடையாது என்பது ஒரு ஆறுதல். அது ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் என்ற தனி ஃபைலில் இருக்கிறது. அதைப் பொதுவில் போடும்போது தெருவளவில் இடத்தை மழுங்கச் செய்துவிடுங்கள்.

சம்மதிக்காதவரின் டேட்டாவை மறைக்க, கான்ஃபிக்கில் லிமிட்ஐபி என்ற அமைப்பு உண்டு. ஒரு முகவரி வட்டத்துக்கு எந்தெந்த ஸ்ட்ரீம் (ஒரு நிலையத்தின் ஒரு சேனல் டேட்டா) மட்டும் தெரிய வேண்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனால் சொல்லலாம். ஸ்ட்ரீமின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அதை அனுப்பிய நிரலைப் பொறுத்தது. பழைய வழக்கில் ஏஎம்_ஆர்1234_00_இஎச்இசட்/எம்சீட் என்று இருக்கும். புதிய வழக்கில் முன்னால் எஃப்டிஎஸ்என் என்ற சொல்லும், சேனல் எழுத்துகளுக்கு நடுவே அடிக்கோடும் வரும். ஊகித்து எழுதாமல், 8080 போர்ட்டில் '/ஸ்ட்ரீம்ஐடிஸ்' பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அங்கே உள்ளபடி எழுதுங்கள்.

சரி, ஓடுகிறதா?

சோதனைக்கு ஸ்லிங்க்டூல் என்ற சிறு நிரல். '-பி' (பெரிய எழுத்து) என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும். '-க்யூ' (பெரிய எழுத்து) என்றால் எந்தெந்த ஸ்ட்ரீம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ரிங்கில் இருக்கிறது என்று பட்டியல் தரும். அதில் கடைசி நேரத்தை இப்போதைய யுடிசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். சில விநாடி வித்தியாசம் என்றால் நலம். ஐந்தரை மணி வித்தியாசம் என்றால் யாரோ கருவியில் இந்திய நேரத்தை யுடிசி என்று போட்டிருக்கிறார்கள்.

அடுத்ததுதான் உண்மையான பரீட்சை. இன்னொரு மெஷினில், வரும் டேட்டாவை ஃபைல்களாகச் சேமிக்கும் ஸ்ல்ஆர்கைவ் நிரலை நிலைக்கோப்போடு ஓடவிட்டு, எஸ்டிஎஸ் அமைப்பில் சேமிக்கச் சொல்லுங்கள். ஆண்டு, வலையமைப்பு, நிலையம், சேனல் என்று கோப்புறைகள் தானாக உருவாகும். கால் மணி நேரம் ஓடட்டும். பிறகு வீட்டு ரவுட்டரின் கேபிளைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அது அடங்கியதும் ஸ்ல்ஆர்கைவ் ஓடும் மெஷினின் நெட்டையும் அதே மாதிரி அறுத்துச் சேருங்கள். கடைசியாக, வீட்டு லேப்டாப்பின் பவரை அப்படியே அணையுங்கள், முறையாக ஷட்டவுன் செய்யாமல். எல்லாம் திரும்பிய பிறகு மினிசீட் ஃபைலைப் படிக்கும் எம்எஸ்ஐ நிரலால் அந்த நாளின் ஃபைலில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், எந்த அறுப்பின்போது வந்தது என்று நேரமே சொல்லிவிடும். வீட்டுப் பக்கமா சந்தாதாரர் பக்கமா என்பது தெரிந்தால் எந்த நிலைக்கோப்பு எழுதப்படவில்லை என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இருக்காது, வேறொன்றுமில்லை.

இந்தப் பரீட்சையில் தேறாத சர்வரின் முகவரியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சந்தாதாரர்களுக்கு என்ன சொல்வது

முகவரியாக ஐபியைக் கொடுக்காமல் ஒரு டொமைன் பெயரைக் கொடுங்கள். நாளை சர்வர் இடம் மாறினால் இருபது பேருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டியதில்லை.

பார்க்க மட்டும் விரும்புபவர்களுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஸ்வார்ம் மென்பொருள் போதும், சீட்லிங்க் முகவரியைக் கொடுத்தால் அலை ஓடும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஒப்ஸ்பை என்ற நூலகம். அதில் ஈஸிசீட்லிங்க்க்ளையன்ட் என்ற வகுப்பை எடுத்து, 'ஆன்_டேட்டா' என்ற செயல்பாட்டில் வேண்டியதை எழுதி, 'செலக்ட்_ஸ்ட்ரீம்' கொடுத்து 'ரன்' என்றால் ஒவ்வொரு துண்டும் வந்து விழும். இருபது வரிக்குள் முடியும்.

தேர்வுக் குறியில் கேள்விக்குறி எந்த எழுத்துக்கும் பொருந்தும். 'இஎச்?' என்றால் மூன்று திசை சேனல்களும் வரும். தேவையானதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் பார்ப்பது சர்வரின் மாதாந்திர டேட்டா அளவைத்தான் தின்னும். ட்ரான்ஸ்ஃபர் லாக் வசதியைப் போட்டுவைத்தால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று தெரியும்.

தாமதம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

இது கட்டாயம் வரும் கேள்வி. நடு ராத்திரியில் ஐந்தாறு விநாடி தாமதம், பகலில் மூன்று விநாடி. நெட் பகலில் வேகமாகிவிட்டதா என்றால் இல்லை.

512 பைட்டில் 64 பைட் தலைப்பு, மிச்சம் 448. ஸ்டெய்ம்2 என்ற சுருக்க முறை, மாதிரிகளை அப்படியே வைக்காமல் அடுத்தடுத்த மாதிரிகளின் வித்தியாசத்தை வைக்கிறது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் 32 பிட் சொல் ஒன்றில் ஏழு மாதிரி வரை அடைக்கலாம், பெரிதானால் ஒன்றோ இரண்டோதான். ஒரு துண்டில் அப்படி 103 சொற்களுக்கு இடம் உண்டு. சொல்லுக்கு நான்கு மாதிரி என்றால் 412 மாதிரி, அதாவது 4 விநாடி. துண்டு நிரம்பினால்தான் கிளம்பும். அமைதியான ராத்திரியில் நிரம்ப நேரமாகிறது. மெட்ரோவும் பஸ்ஸும் ஓடும் பகலில், அல்லது தெருவில் பராத் ஊர்வலத்தின் டிஜே போகும்போது, வித்தியாசம் பெரிதாகி சீக்கிரம் நிரம்புகிறது. நிலம் பலமாக ஆடும்போது சொல்லுக்கு ஒரு மாதிரி என்ற அளவுக்கு வந்தால் ஒரு விநாடிக்கு ஒரு துண்டு பறக்கும். ஆக இந்தத் தாமதம் அதிர்வு நேரத்தில் தானாகவே குறையும்.

அதற்காக இதை முன்னெச்சரிக்கைக் கருவியாக நினைத்துவிட வேண்டாம். தௌலா குவானுக்கு அடியில் 5 கிலோமீட்டரில் தொடங்கும் அதிர்வு ஆர்.கே.புரம் வந்து சேர இரண்டு மூன்று விநாடி கூட ஆகாது. நம் பாக்கெட் மும்பை போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதேபோல் நாமே ஒரு அளவைக் கணக்கிட்டுக் குழுக்களில் பரப்புவதும் வேண்டாம். லோதி சாலையிலுள்ள தேசிய நில அதிர்வு மையம் சொல்வதே அதிகாரபூர்வம், அவர்களின் பூகம்ப் செயலியிலேயே வந்துவிடும்.

காப்பும் பராமரிப்பும்

ரிங் என்பது தாற்காலிகத் தாங்கிதான், காப்பகம் இல்லை. சர்வர் முறையாக நிறுத்தப்படாமல் செத்தால் ரிங் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். அப்போது ஆட்டோரிகவரி என்ற அமைப்பு அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிய ரிங்கைத் தொடங்கும். எண்களும் புதிதாகத் தொடங்குவதால், சந்தாதாரர்கள் கையில் வைத்திருக்கும் பழைய எண்ணுக்குப் பொருள் இல்லாமல் போகும். அதனால் சர்வரிலேயே ஒரு ஸ்ல்ஆர்கைவ் எப்போதும் ஓடட்டும். பத்துக் கருவிக்கு ஆண்டுக்கு 40 ஜிபி ஆகும் என்பதால், மாதம் ஒருமுறை பழையதை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

வீட்டில் நெட் நாள்கணக்கில் போனால் கருவியின் சீட்லிங்க் தாங்கியும் நிரம்பி வழிந்துவிடும். அப்போதும் கைவிட வேண்டியதில்லை. ராஸ்பெரி ஷேக் தன் எஸ்டி கார்டில், /ஆப்ட்/டேட்டா/ஆர்கைவ் என்ற இடத்தில், அதே எஸ்டிஎஸ் அமைப்பில் டேட்டாவைச் சேமித்திருக்கும். அந்த நாட்களின் ஃபைல்களை ஆர்சிங்க் மூலம் சர்வரின் காப்பகத்துக்கு நகலெடுத்தால் போதும். சர்வரில் பாதி நாள் ஃபைல் ஏற்கெனவே இருந்தால், அளவில் பெரியது எது என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள்.